அது இரும்பு இல்லை, தோல்

செய்தி ஒரு படமாக வந்தது. ராணிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் செருப்புக் கம்பெனியில் அன்று காலை சோல் ஒட்டும் மெஷினில் அழுத்தம் ஏறவில்லை. அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையில் கைபேசி விடாமல் அதிர்ந்தது. கிரீஸ் கையோடு எடுத்துப் பார்த்தேன். நம் கபடிக் குழுவின் வாட்ஸ்அப்பில் மாதையன் மாமாவின் படம். மேலே ஒரு விளக்கு, கீழே ஒரு ரோஜா, நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இரும்புக் கால் ஓய்ந்தது.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

மனுஷன் செத்துப்போனார் என்பதை அந்த வரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எந்தக் கால் அவரைக் கொன்றதோ அதே காலுக்குப் பட்டம் கட்டி அனுப்பி வைத்திருக்கிறீர்கள். மெஷினை அப்படியே திறந்து போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டும் வரை அந்த வரியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைந்தால் முனையிலேயே பேனர். அதிலும் அதே வரி. கூடவே அவருடைய பாதத்தைத் தனியாகப் படம் எடுத்து வேறு போட்டிருந்தீர்கள்.

கபடிப் போட்டிக்கு அச்சடிக்கும் மலருக்காக, இப்போது குழுவை நடத்தும் முருகேசன் அண்ணன் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நல்லதா நாலு வரி எழுதிக் குடு தம்பி. படத்துக்குப் பக்கத்துல போட்டுக்கலாம்." நாலு வரியில் எனக்கு முடியாது. நல்லதாக மட்டும் எழுதவும் வராது. மாமாவைத் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டலாம். ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தெரியாதவர்கள் யாராவது இந்த மலரைப் புரட்டினால் அவர்களுக்கு: மாதையன், நல்லம்பள்ளிப் பக்கம் குத்தகை நிலத்தில் சாமந்தி போட்டவர். நம் குழுவின் முதல் கேப்டன். ஆடுவதை நிறுத்திய பிறகு நம் கிரவுண்டின் நிரந்தர அம்பயர். எங்கள் எதிர் வீட்டுக்காரர். ரத்த உறவு கிடையாது; என் அம்மா அவரை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா. நான் கபடியில் எதற்கும் உதவாதவன் என்று பத்து வயதிலேயே முடிவு செய்து, ஸ்கோர் போர்டு பக்கம் உட்கார வைத்தவர் அவர்தான். "இவன் பாடிப் போனா எதிராளி தூங்கிருவான்" என்பார். நான் செருப்புத் தொழில்நுட்பம் டிப்ளமோ சேர்ந்தபோது ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். "செருப்பே போடாதவன் எதுத்த வூட்ல செருப்பு இன்ஜினியரா? வெளங்கிரும்."

அவர் கைகளையும் கால்களையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். உள்ளங்கை முழுக்க மஞ்சள் பாரித்த தடித்த தோல். உள்ளங்காலில் அதைவிட மோசம். குதிகாலைச் சுற்றி வெயிலில் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கால் என்று மேடையில் எத்தனை பேர் பேசியிருப்பீர்கள்? அது உழைப்பால் வந்ததே இல்லை. பிறந்த சில மாதங்களிலேயே அவருக்கு அப்படித்தான் இருந்தது. அவர் அப்பாவுக்கும் அப்படியே. அதை அவர் மறைத்ததும் இல்லை. "எங்கப்பன் எனக்குக் காடு வக்கல, கழனி வக்கல. இந்தத் தோலத்தான் எழுதி வச்சுட்டுப் போனான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள். ஆனால் மைக் கையில் வந்ததும் உழைப்பு, வியர்வை, இரும்பு.

ஊக்கு விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? வெளியூர் டீம் வந்து இறங்கி டீ குடிக்கும்போது மாமா எதிரே பெஞ்சில் போய் உட்காருவார். வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்வார். எதிர் டீம் கேப்டனைப் பார்த்து, "தம்பி, ஒரு ஊக்கு இருந்தாக் குடுப்பா" என்பார். பையன் மரியாதையாகக் கழற்றிக் கொடுப்பான். இவர் அதை நிமிர்த்திக் குதிகாலில் கட்டைவிரலால் அழுத்துவார். பாதி ஊசி உள்ளே போகும். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அப்படியே எழுந்து நடந்து போய், "அண்ணனுக்கு ஒரு டீ போடு, சர்க்கர கம்மியா" என்பார். அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாதி மேட்சு இங்கியே முடிஞ்சுதுடா" என்று முருகேசன் அண்ணன் தொடையைத் தட்டுவார்.

அந்தக் காலத்தில் ஊசி எங்கே நிற்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். தோல் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கு அத்துபடி. பிறகு சர்க்கரை வந்தது. மாத்திரை போட்டார், மறந்தார், மறுபடி போட்டார். போன பொங்கல் போட்டியில் ஊக்கைக் குத்திக்கொண்டு நடந்துவிட்டுப் பிடுங்கியபோது முனையில் ரத்தம் இருந்தது. குதிகாலில் கூட இல்லை. அன்று விரல்களுக்குக் கீழே, பாதத்தின் முன்பக்கத்தில் குத்தியிருந்தார். மாமா அந்த ரத்தத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் துடைத்தார். "பாத்தியா, நமக்கும் ரத்தம் செவப்புத்தான்" என்றார். நீங்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கைதட்டினீர்கள்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்க் காலைக் காட்டச் சொன்னேன். முன்பாதத்தில் தடித்த தோலுக்கு அடியில், வெல்லப்பாகு கசிந்த மாதிரி ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. கம்பெனியில் சர்க்கரைக்காரர்களுக்கான செருப்புப் பிரிவில் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். அந்தத் திட்டுக்கு என்ன அர்த்தம் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

"என்ன மாமா இது?"

"ஆணிடா. கால் ஆணி. பிளேடு போட்டுச் சீவிட்டாப் போவும்."

"எத்தன நாளா இருக்குது?"

"அது கெடக்குது நாளு. உன் வேலையப் பாரு இன்ஜினியரு."

அடுப்படியிலிருந்து காவேரி அத்தை, அவர் மனைவி, குரல் கொடுத்தார்: "தீவாளியில இருந்து இருக்குதுடா. வாரா வாரம் வாசல்ல உக்காந்து கொய்யாக்கா சீவற கணக்கா சீவிப் போடறாரு. பெருக்கித் தள்றது நானு."

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். தோலின் மேலடுக்கு என்பது செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்தது. அளவாக இருந்தால் அது காப்பு. அளவுக்கு மீறித் தடித்துவிட்டால், செருப்புக்குள் விழுந்த கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. மேலே எடை ஏறும்போதெல்லாம் அந்தக் கெட்டித் தோலே உள்ளே இருக்கும் மெல்லிய சதையை நசுக்கும். வெளியே பாறை மாதிரி இருக்கும். அடியில் புண் குழி தோண்டிக்கொண்டு போகும். உணர்ச்சி இருக்கிறவன் நொண்டுவான், நொண்டுவதால் பிழைத்துக்கொள்வான். சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவன் நொண்ட மாட்டான். நிமிர்ந்து நடப்பான். ஊர் அவனை இரும்பு என்று சொல்லும்.

தர்மபுரியில் ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் காலைக் கழுவி, ஒரு சின்னக் கத்தியால் தடிப்பை மெல்ல மெல்ல எடுத்தார். உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குக் குழி. நாற்றம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா ஏதோ டயருக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாங்க?" என்றார் டாக்டர்.

"துளிகூட இல்லீங்க!"

அந்தக் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வலிக்கணும் மாதையன். இந்தக் குழிக்கு நீங்க அலறி ஊரக் கூட்டியிருக்கணும். வலிக்கலங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு." பிறகு கையையும் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு, மகளுக்கு என்றோம். இது பிறவியிலேயே தோல் தடித்து வருவது, யாருக்கும் ஒட்டாது, முழுதாகப் போகாது, ஆனால் தினமும் நனைத்துக் களிம்பு தடவி மெல்லிசாக வைத்துக்கொண்டால் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். காலுக்கு மெத்தென்ற செருப்பு, வீட்டுக்குள்ளேயும். வெறுங்காலோடு ஓர் அடி கூடக் கூடாது.

வெளியே வந்து பைக்கில் ஏறும்போது மாமா என் தோளைத் தட்டினார். "டாக்டரே அசந்துட்டாரு பாத்தியா மாப்ள?"

வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு நடந்து போய்விடலாமா என்றிருந்தது.

செருப்பை நானே செய்தேன். அளவெடுக்க அவர் காலைச் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தபோதுதான், யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குக் கைகோத்து ஆடுகிற ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்களாம். இவர் கையைப் பிடிக்க ஒருத்தனும் வரவில்லை. வாத்தியார் அதட்டியதும் ஒரு பையன் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு பிடித்தானாம்.

"அப்பறம் எட்டாவதுல ஒரு நாளு கபடிக்கு ஆள் கொறஞ்சுதுன்னு எறக்கிவுட்டாங்க. ஒருத்தன் பாடிக்கினு வந்தான். கணுக்காலப் புடிச்சன். எண்ண தடவிக்கினு வந்திருந்தான்டா அவன். எல்லார் கையிலயும் வழுக்கிட்டுப் போனவன், எங்கையில மட்டும் போவல. இந்தச் சொரசொரப்புல அப்புடியே சிக்கிக்கினான். ஊரே கத்துச்சு. அன்னிக்கு என்னியத் தோள்ல தூக்கிக்கினு போனவனுங்கள்ல கர்ச்சீப்புக்காரனும் இருந்தான்." காலை இன்னொரு தாளுக்கு மாற்றி வைத்தார். "இத நோவுன்னு எப்புடிடா சொல்லுவன்?"

அதைக் கேட்ட பிறகு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

நம் கிரவுண்டில் செருப்புக் காலோடு யாரும் இறங்கக் கூடாது என்ற விதி மாமா போட்டது. அதற்காக அவர் யாரோடும் மோதுவார். ஒருமுறை போட்டியைத் தொடங்கி வைக்க வந்த பெரிய மனிதர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்ட வந்தார். மாமா குறுக்கே நின்று கைகூப்பினார். "ஐயா, உங்களக் கும்புடறங்க. ஷூவக் கும்புட முடியாதுங்க." அந்த மனிதர் வேறு வழியில்லாமல் கழற்றினார். காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அன்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அருமையான விதிதான். மண்ணை மதிக்கிற விதி. அதைப் போட்டபோது அவருக்குக் காலில் குழி இல்லை.

செருப்பை மாமா பங்குனி முழுக்கப் போட்டார். வீட்டில், தோட்டத்தில், சாமந்தி மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகும்போது. உள்ளே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர், புண் இருக்கும் இடத்தில் மட்டும் எடை விழாதபடி பள்ளம், முன்பக்கம் லேசாகத் தூக்கிய சோல். பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழி பாதியாகச் சுருங்கியது. அத்தை எனக்குப் போன் போட்டு, "கறி ஏறிக்கினு வருதுடா, செவப்பா நல்ல சத!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமான குரலை அந்த வீட்டிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சித்திரையில் பயிற்சி ஆட்டம். நான் லீவில் வந்திருந்தேன். மாமா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்தச் செருப்போடு கிரவுண்டுக்கு வந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று அவர் யோசித்ததை நான் பார்த்தேன். ஒரு கால் வைத்தார்.

"அண்ணே, வாலிபால் கோர்ட்டு அந்தப் பக்கம்!"

முருகேசன் அண்ணா, அது உங்கள் குரல். மொத்தக் கிரவுண்டும் சிரித்தது. பின்னாலிருந்து இன்னொருத்தன், "டேய், இரும்புக்குத் துருப் புடிச்சிருச்சுடா!" என்றான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை, அவனுக்கே தெரியும். மாமாவும் சிரித்தார். குனிந்து வாரைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாகக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். விளக்குப் போடும் வரை நின்று ஆட்டம் நடத்தினார். அடுத்த நாளிலிருந்து வீட்டிலும் போடவில்லை.

அந்த ஞாயிறு குழுக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். மேட் என்கிற ரப்பர் விரிப்பில் ஆடுகிறவர்கள் எல்லோரும் இப்போது ஷூ போட்டுத்தான் ஆடுகிறார்கள் என்றேன்.

"அது மேட்டு. இது மண்ணு" என்றார் முருகேசன் அண்ணன்.

"ஆடறவங்களுக்கு வேணாம்ணா. அம்பயர் ஒருத்தருக்கு மட்டும். மாமாவுக்கு மட்டும்."

"அண்ணன் போட்ட ரூல அண்ணனே மீறுனா பசங்க நாளைக்கு எப்புடி மதிப்பானுங்க? நீயே சொல்லு. அண்ணன் பேரு என்னாவறது?"

"பேரா? அவருக்குக் காலு போவுதுங்கறேன்."

"உனுக்கு எல்லாமே செருப்புத்தான் தம்பி."

மறுபடி சிரிப்பு. கைதூக்கச் சொன்னார்கள். விதியில் மாற்றம் வேண்டாம் என்பவர்கள் கைதூக்குங்கள் என்றதும் முதலில் தூங்கி எழுந்த மாதிரி மெதுவாக உயர்ந்த கை மாதையன் மாமாவுடையது. அந்த மஞ்சள் பாரித்த கையை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மற்ற எல்லாக் கைகளும் சந்தோஷமாக உயர்ந்தன. நீங்கள் அதைத் தியாகம் என்று நினைத்தீர்கள். சிலர் கைதட்டினீர்கள்.

வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "செத்துருவீங்க மாமா. சும்மா மெரட்டறதுக்குச் சொல்லல. இந்தக் காலோட நின்னா செத்துருவீங்க."

"செத்தாலும் வெறுங்காலோடதான்டா தூக்கிக்கினு போவீங்க. பூட்ஸா மாட்டி வுடுவீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அதற்காக நான் வருத்தப்படப் போவதும் இல்லை. பேசிப் பார்த்தாயிற்று, செய்து கொடுத்தாயிற்று, கூட்டத்தில் எழுந்து நின்றாயிற்று. கோபப்படுவதைத் தவிர என்ன மீதி இருந்தது?

ஆடியில் காய்ச்சல் வந்தது. கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆட்டோ வரை அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியது முருகேசன் அண்ணன்தான். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் காலையில் இட்லி, சாயங்காலம் கஞ்சி என்று கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். இதை எழுதாவிட்டால் நான் அயோக்கியன். நீங்கள் யாரும் அவரை வெறுக்கவில்லை. உயிரையே வைத்திருந்தீர்கள். ஆனால் எதன்மேல் வைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மனிதன்மேலா, அந்தத் தோல்மேலா?

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதி பாதத்தை எடுத்தார்கள். நான் வார இறுதியில் போய்ப் பார்த்தேன். பேசாமல் இருந்ததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "செருப்பு இனிமே அரைதான்டா தேவைப்படும், அர வெல போட்டுக் குடு" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவனுங்க சிரிச்சானுங்கன்னு கழட்டலடா. என் வாயி மட்டும் சும்மாவா இருந்துச்சு, எத்தன பேரப் பாத்துச் சிரிச்சிருப்பன். அதப் போட்டுக்கினு கோட்டுக்கிட்ட நின்னனா, கர்ச்சீப்பு சுத்திக்கினு வந்தான் பாரு, அவன் நெனப்பு வந்துருச்சு."

அந்த வார்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை உங்களில் யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை மாமா அதுவரை தொட்டதே இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு தப்பிக்க வழியில்லை. அவர் மகள் கீர்த்தனா, காலேஜ் டீமில் ஆடுகிற பெண், தினமும் காலையிலும் இரவிலும் அவர் கைகளை வெந்நீரில் ஊறவைத்து, களிம்பு பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டாள். அவளுக்கும் அதே கைதான். "உனுக்குப் போட்டுட்டு மிச்சத்த எனுக்குப் போட்டுக்கறன்ப்பா, காசு மிச்சம்" என்பாள். மூன்று வாரத்தில் தடிப்பு வெள்ளையாக ஊறி, பாளம் பாளமாக உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு உள்ளங்கை. கோடுகள் எல்லாம் இருந்தன. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குக் கைரேகை தெரிந்தது.

நான் கடைசியாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரே அமர்க்களம் செய்துகொண்டிருந்தார். போர்வையைத் தடவினார். கட்டில் கம்பியைத் தொட்டு, "ஜில்லுனு இருக்குதுடா" என்றார். நான் வாங்கிப் போன சாத்துக்குடியை உருட்டி உருட்டிப் பார்த்தார். என் சட்டைத் துணியை இரண்டு விரலால் நிமிண்டி, "மட்டத் துணி, ஏமாந்துட்ட" என்றார். அப்புறம் காவேரி அத்தையின் கையைப் பிடித்தார்.

"ஏ காவேரி. உன் கையி இவ்ளோ சுருங்கிப் போச்சா?"

"ஆமா, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்."

"கண்ணு இல்லடி, கையி."

அத்தை கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று. "பட்டுச் சேலையத் தொட்டா நூலு இழுத்துக்கும்னு என்னிய எட்டி நிக்கச் சொன்ன மனுசன்" என்று என்னிடம் புகார் சொன்னார். மாமா விடவில்லை. அதுவரை உடும்பு மாதிரிப் பிடித்தே பழகியவர், அன்று விரல் நுனியால் ஒவ்வொரு சுருக்கமாகத் தடவிக்கொண்டு போனார். அத்தை கையை இழுப்பதை விட்டுவிட்டார்.

அந்த வாரமே காய்ச்சல் திரும்பியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை உங்கள் படம் வந்தது.

சாவு வீட்டில் நடந்த ஒன்றையும் எழுதியாக வேண்டும். கீர்த்தனா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நம் ஆட்கள் நாலைந்து பேர் மாலை போட்டுவிட்டு நின்றார்கள். தீர்த்தமலைப் படியில் நடுப்பகலில் அவர் எப்படி ஏறினார், கருவேல முள்ளை எப்படி மிதித்தார் என்றெல்லாம் பேச்சு. அப்போது ஒரு பெரியவர் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, "அப்பன் காலு அப்புடியே இருக்குதும்மா உனுக்கு. இனி இரும்புக் காலு நீதான்" என்றார். ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

கீர்த்தனா தாவணியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "பெரிப்பா, என் ஆட்டத்தப் பாருங்க. காலப் பாக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பெரியவர் எதையோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

குழுவுக்கு நான் சொல்ல வருவது இதுதான். அந்தப் பெண் மண் கிரவுண்டில் செருப்போடு இறங்க வேண்டி வந்தால் இறங்குவாள். அவளுக்கு ஏற்ற செருப்பை நான் செய்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு வாலிபால், துரு என்று யாராவது வாயைத் திறந்தால் ஸ்கோர் போர்டு பக்கத்திலிருந்து நான் எழுந்து வருவேன். விதியை மாற்றுங்கள். மாற்ற மனசில்லை என்றால், மாதையன் பெயரில் கோப்பை வைப்பதையாவது நிறுத்துங்கள். முனையில் இருக்கும் பேனரை இந்த மலர் அச்சாகி வருவதற்குள் கழற்றிவிடுங்கள். அத்தை தினமும் அந்த வழியாகத்தான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறார். அந்தப் பாதத்தைத் தாண்டித்தான் போகிறார்.

உங்களுக்கு வேண்டுமானால் அவர் பிடித்த கணுக்கால்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. ஊதிய விசில்களை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோல் உரிந்து சிவந்திருந்த அந்தக் கையை. மனைவியின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒருமுறை போய்த் திரும்பி வந்து, "இவ்ளோ நாளா நான் என்னத்தடி தொட்டேன்?" என்று கேட்டாரே, அந்தக் கையை.